திரும்பி வருவதும் விழுந்து நொறுங்குவதும் ஒன்றல்ல: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கும் செய்திப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும்,

சென்ற வாரம் சென்னையில் இறங்க வந்த விமானம் ஒன்று, ஓடுபாதையைத் தொடுவதற்குச் சற்று முன் மீண்டும் மேலேறி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கீறல்கூட இல்லாமல் இறங்கியது. உங்களில் ஒரு தொலைக்காட்சி அதை இரவு எட்டு மணிச் செய்தியில் தலைப்பாக்கி, ‘நூலிழையில் தவிர்க்கப்பட்ட பெரும் விபத்து’ என்று திரையின் அடியில் ஓடவிட்டு, பக்கத்துப் பெட்டியில் 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விமானம் விழுந்து எழுந்த கரும்புகையைத் திரும்பத் திரும்பக் காட்டியது. அன்றிரவே அந்தச் செய்திப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்தேன். “ஜனங்க அதைத்தான் சார் பாக்குறாங்க” என்றார் எடுத்தவர். திருத்தம் கேட்டு மின்னஞ்சலும் அனுப்பினேன். பதிலும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை. அந்தத் தொலைக்காட்சியின் பெயரை நான் இங்கே எழுதாததற்குக் காரணம் தயவு அல்ல. அந்த இடத்தில் உங்களில் யாருடைய பெயரை வைத்தாலும் ஏதோ ஒரு மாதத்தில் பொருந்திவிடும் என்பதுதான்.

நான் விமான நிலையத் தீயணைப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். ஓடுபாதை ஓரத்தில் வண்டியின் இன்ஜினை அணைக்காமல், வெள்ளி நிற வெப்பக் கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துக் காத்திருப்பதே என் தொழிலாக இருந்தது. அப்படிக் காத்திருந்த நேரங்களில் மிகப் பெரும்பாலானவை, விமானம் வழக்கம்போல் இறங்கி, நாங்கள் அதன் பின்னாலேயே ஓட்டிச் சென்று சக்கரங்களைச் சோதித்துவிட்டு, நிலையத்துக்குத் திரும்பித் தேநீர் குடித்ததோடு முடிந்தவை. அதை வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து எங்களுக்கு வரும் அழைப்பில் படிநிலை உண்டு. விமானத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது அல்லது இருக்கலாம், ஆனால் பத்திரமாக இறங்குவதில் பெரிய சிரமம் இராது என்றால் ‘லோக்கல் ஸ்டாண்ட்பை’. இறங்கும்போது விபத்து நேரக்கூடிய அபாயம் இருக்கிறது என்றால் ‘ஃபுல் எமர்ஜென்சி’. இரண்டிலும் நாங்கள் விமானம் வருவதற்கு முன்பே குறித்த இடங்களில் போய் நிற்போம். விமானம் விழுந்துவிட்டது என்பது இவை இரண்டிலிருந்தும் வேறான, மூன்றாவது அழைப்பு. இந்த மூன்றையும் ஒரே சிவப்புப் பட்டையில் ‘பரபரப்பு’ என்று எழுதிவிடுவதுதான் உங்கள் வழக்கமாக இருக்கிறது. ஒருமுறை எங்கள் வண்டியின் பெயர் ‘கிராஷ் ஃபயர் டெண்டர்’ என்று கேட்ட நிருபர் ஒருவர், “அப்போ கிராஷ் ஆகப் போகுதா சார்?” என்று மைக்கை நீட்டினார். அவர் இளைஞர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்குச் சொல்லித் தராமல் அனுப்பியவர்களுக்கே இதை எழுதுகிறேன்.

அவசரத் தரையிறக்கம் என்பது விமானியின் முடிவு. விமானம் அவர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஏதோ ஒன்று சரியில்லை. பயணத்தைத் தொடர்வதைவிட இறங்கிவிடுவது நல்லது என்று அவர் கருதுகிறார். புகை வாடை, எரிபொருள் குறைவு, ஹைட்ராலிக் (சக்கரங்களையும் இறக்கைப் பாகங்களையும் எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் அமைப்பு) கோளாறு, ஓர் இன்ஜின் நின்றுபோவது, பயணி ஒருவருக்கு மாரடைப்பு என்று காரணங்கள் பல. நேரம் இருந்தால் நல்ல ஓடுபாதையாகப் பார்த்து இறங்குவார். இன்ஜின்கள் முற்றிலும் ஓய்ந்துவிட்டால் கிடைத்த இடத்தில் இறங்குவார். அதுவும் இல்லையென்றால் நீரில் இறக்குவார். கிராஷ் லேண்டிங் என்று சொல்லப்படும் நொறுங்கு தரையிறக்கமோ விமானம் தரையைத் தொட்ட விதத்தின் விளைவு. தொடும்போதே விமானம் உடைகிறது, சிதைகிறது, தீப்பற்றுகிறது. சட்டமும் இந்த வேறுபாட்டை அறிந்தே இருக்கிறது. பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பதின்மூன்றாம் பிற்சேர்க்கையும், அதை ஒட்டிய இந்திய விதிகளும், யாராவது இறந்தாலோ கடுமையாகக் காயமுற்றாலோ, விமானத்தின் கட்டமைப்புக்குப் பெருத்த சேதம் நேர்ந்தாலோ, விமானம் காணாமல் போனாலோதான் அதை விபத்து என்கின்றன. திரும்பி வந்து பத்திரமாக இறங்கிய விமானம் இவற்றில் எதிலும் சேராது.

இரண்டும் சில சமயம் ஒரே நிகழ்வில் சேரும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2011 நவம்பர் 1 அன்று போலந்து விமானம் ஒன்றின் சக்கரங்கள் வெளியே வராததால், விமானி டடேயுஷ் விரோனா அதை வார்சாவில் வயிற்றால் தேய்த்து இறக்கினார். 231 பேரில் ஒருவருக்கும் பெரிய காயமில்லை. அவசரமாக இறங்கியதும் அதுதான், உடைபடும் என்று தெரிந்தே இறக்கியதும் அதுதான். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில், நடு இன்ஜின் வெடித்து ஹைட்ராலிக் அமைப்பு முழுவதையும் இழந்த டிசி-10 விமானம், இரு இன்ஜின்களின் விசையை மட்டும் கூட்டிக் குறைத்து ஓடுபாதைவரை கொண்டுவரப்பட்டு, தொடும்போது உருண்டு சிதறித் தீப்பிடித்தது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். முக்கால் மணி நேரத்துக்கு முன்பே அவசரநிலை சொல்லப்பட்டதால் தீயணைப்பு வண்டிகளும் மருத்துவர்களும் தயாராகக் காத்திருந்தார்கள். என் போன்றவர்களுக்குப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் உதாரணம் அது. அவசரநிலையை அறிவிப்பது, ஒருவேளை நொறுங்கினாலும் பிழைப்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்டும் செயல்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 2024 அக்டோபர் 11, ஆயுத பூசை விடுமுறை நாள். மாலை 5.40 மணியளவில் திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குப் புறப்பட்ட போயிங் 737 விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. 140-க்கும் மேற்பட்டோருடன் அது இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமிட்டுவிட்டு, இரவு எட்டேகால் அளவில் திருச்சியிலேயே நல்லபடியாக இறங்கியது. ஏன் வட்டமிட்டது என்பதற்கு விடை மிக எளிது. 737-800 வகை விமானம் ஏறும்போது ஏறத்தாழ 79 டன் வரை இருக்கலாம். இறங்கும்போது ஏறத்தாழ 66 டன்னுக்கு மேல் இருக்கக் கூடாது. பெரிய விமானங்கள் சிலவற்றைப் போல வானிலேயே எரிபொருளைக் கொட்டிவிடும் வசதி இதற்குக் கிடையாது. ஆகவே எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும். எரிக்க வேண்டுமென்றால் பறந்துகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றும் விமானத்தை மேலும் பாதுகாப்பாக்கிக்கொண்டிருந்தது.

உங்கள் திரையிலோ ஒவ்வொரு சுற்றும் மரணத்தை நெருங்கும் சுற்றாகக் காட்டப்பட்டது. வரைபடத்தில் வளையம் வளையமாகக் கோடு நீள நீள, ‘தரையிறங்க முடியாமல் தவிப்பு’, ‘உயிரைக் கையில் பிடித்தபடி பயணிகள்’ என்று ஓடியது. என் வீடு வயர்லெஸ் ரோட்டுப் பக்கம். அடுத்த தெருவில் இருக்கும் பெண்ணின் மகன் அந்த விமானத்தில் இருந்தான். வேலைக்குப் போகும் முதல் பயணம் அது. பூசைப் பொரி தட்டில் அப்படியே இருக்க, செருப்பில்லாமல் ஓடிவந்தார். “அண்ணே, எறங்கவே முடியலையாமே, டிவியில போடுறான்” என்றார். எரிபொருளைக் குறைக்கிறார்கள் அம்மா, அது முடிந்ததும் இறங்கும் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. ஓய்வுபெற்ற ஒருவன் ஆறுதலுக்குச் சொல்வதைவிடத் திரையில் ஓடும் எழுத்து அவருக்குப் பெரிதாக இருந்தது. தொலைக்காட்சியை அணைக்கவும் விடவில்லை. தலை சுற்றி விழுந்தவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். மகன் பத்திரமாக இறங்கித் தாயைக் கூப்பிட்டபோது, அவருக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அன்றிரவே விமான நிறுவனம், விமானிகள் அவசரத் தரையிறக்கம் எதையும் அறிவிக்கவில்லை என்றும், எடையைக் குறைக்கவே முன்னெச்சரிக்கையாக வட்டமிட்டார்கள் என்றும் விளக்கம் வெளியிட்டது. அந்த விளக்கத்துக்கு உங்களில் எத்தனை பேர், அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கொடுத்ததில் நூற்றில் ஒரு பங்கு இடமாவது கொடுத்தீர்கள்?

இதே திருச்சியில் ஆறு ஆண்டுகளுக்கு முன், 2018 அக்டோபர் 12 அதிகாலையில், துபாய்க்குப் புறப்பட்ட விமானம் ஏறும்போதே ஓடுபாதைக்கு அப்பால் இருந்த ஆண்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் இடித்துக்கொண்டு போனது. 136 பேர் இருந்தார்கள். அடிப்பாகம் கிழிந்த நிலையில் அது கடல்மேல் வெகுதூரம் பறந்து, பிறகு மும்பைக்குத் திருப்பப்பட்டு, விடியற்காலையில் இறங்கியது. இரண்டில் எது அதிக ஆபத்து என்று என் துறையில் யாரைக் கேட்டாலும் தயங்காமல் 2018 என்பார்கள். ஆனால் அது நடந்தபோது ஊர் உறங்கிக்கொண்டிருந்தது. கேமரா இல்லை, நேரலை இல்லை, சுற்றும் கோடு இல்லை. உடைந்த சுவரைக் காட்டினீர்கள்; அடுத்த செய்திக்குப் போய்விட்டீர்கள். ஆபத்தின் அளவை நீங்கள் ஆபத்தை வைத்து அளப்பதில்லை, படம் கிடைக்கிறதா என்பதை வைத்து அளக்கிறீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இது தமிழ்நாட்டின் தனி நோய் அல்ல என்பதும் தெரியும். 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட ஏ380 விமானத்தின் இன்ஜின் ஒன்று வெடித்து, அதன் துண்டுகள் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் விழுந்தன. துண்டுகளைப் பார்த்தவர்கள் விமானமே விழுந்துவிட்டது என்றார்கள். செய்தியும் அப்படியே பரவியது. அந்த நேரத்தில் விமானம் 469 பேருடன் வானில்தான் இருந்தது. விமானிகள் கோளாறுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடித்துச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறக்கினார்கள், யாருக்கும் காயமில்லை. 2005 செப்டம்பர் 21 அன்று முன்சக்கரம் குறுக்காகத் திரும்பிக்கொண்ட ஏ320 ஒன்று, எரிபொருளை எரிப்பதற்காக மணிக்கணக்கில் சுற்றிவிட்டு லாஸ் ஏஞ்சலஸில் பத்திரமாக இறங்கியது. அந்த விமானத்தின் இருக்கைகளில் நேரலைத் தொலைக்காட்சி இருந்ததால், பயணிகள் தங்கள் விமானத்துக்கு என்ன ஆகும் என்று நிபுணர்கள் ஊகிப்பதைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று கைப்பேசி வழியே ஒவ்வொரு குடும்பமும் அந்த இருக்கையில்தான் அமர்ந்திருக்கிறது.

சென்ற வாரச் செய்திக்குத் திரும்புகிறேன், ஏனெனில் என்னை எழுத வைத்தது அதுதான். இறங்க வந்த விமானம் மீண்டும் மேலேறுவதற்குக் ‘கோ-அரவுண்ட்’ என்று பெயர். அது அவசரத் தரையிறக்கம்கூட அல்ல. வேகம் சற்று அதிகம், உயரம் சரியில்லை, காற்று குறுக்கே அடிக்கிறது, முன்னே இறங்கிய விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லை என்று எதுவாயினும், சந்தேகம் வந்தால் மேலேறு என்பது விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் பாடம். அந்தப் பாடம் பின்பற்றப்படாதபோது என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலங்களிலேயே சாட்சி இருக்கிறது. 2010 மே 22 அன்று மங்களூரில், துணை விமானி மேலேறச் சொல்லித் திரும்பத் திரும்ப எச்சரித்தும் இறங்குவதைக் கைவிடாத விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் மட்டுமே பிழைத்தார்கள். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில், கொட்டும் மழையில், மேலேறும்படி சொல்லப்பட்டும் ஓடுபாதையில் வெகுதூரம் தள்ளித் தொட்ட விமானம் மேட்டிலிருந்து கீழே விழுந்து உடைந்தது. 21 பேர் இறந்தார்கள். இரண்டிலும் முன்கூட்டி அவசரநிலை எதுவும் அறிவிக்கப்படவில்லை; கடைசி நொடிவரை அவை ‘வழக்கமான’ தரையிறக்கங்கள். அந்த இரு விமானங்களும் செய்யத் தவறியதைத்தான் சென்ற வாரம் சென்னையில் ஒரு விமானி செய்தார். அதற்கு நீங்கள் கொடுத்த பெயர் விபத்து. பிரேக் சரியில்லை என்று உணர்ந்து பேருந்தை டிப்போவுக்குத் திருப்பிய ஓட்டுநரை, விபத்து ஏற்படுத்தப் பார்த்தவர் என்று எழுதுவீர்களா?

இப்படி எழுதுவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். விமானியும் மனிதர்தான். தான் திரும்பினால் அன்றிரவு தன் பெயர் எந்த எழுத்தில் ஓடும், நிறுவனம் என்ன சொல்லும் என்ற எண்ணம் அந்தச் சிறிய அறைக்குள் ஒரு நொடிகூட நுழையக் கூடாது. அவசரநிலை என்ற சொல்லைச் சொல்லாமல் விட்டதன் விலையை 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே உலகம் பார்த்தது. கொலம்பியாவிலிருந்து வந்த விமானம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதை விமானிகள் சொன்னார்கள், முன்னுரிமை கேட்டார்கள், ஆனால் ‘எமர்ஜென்சி’ என்றோ, உயிராபத்து என்பதைக் குறிக்கும் ‘மேடே’ என்ற அழைப்பாகவோ அறிவிக்கவில்லை. இன்ஜின்கள் நின்று, குன்றுச் சரிவில் விழுந்து, 158 பேரில் 73 பேர் மாண்டார்கள். இதற்கு நேர்மாறாக, 2025 ஜூன் மாதம் குவாஹாத்தியிலிருந்து சென்னைக்கு வந்து, இங்கே இறங்க இயலாமல் பெங்களூருக்குத் திரும்பிய விமானத்தின் விமானி, எரிபொருள் குறைவதைக் கண்டு ‘மேடே’ சொன்னார், வழி கிடைத்தது, இறங்கினார். சொன்னதை நாம் கொண்டாட வேண்டாம், சொன்னதற்காக அச்சுறுத்தாமலாவது இருக்கலாம். எரிபொருள் ஏன் அந்த அளவுக்குக் குறைந்தது என்ற கேள்வி நியாயமான கேள்வி. அதைக் கேளுங்கள், விசாரணை முடியும்வரை விடாமல் கேளுங்கள்.

அகமதாபாத் காட்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது தரையிறக்கமே அல்ல. புறப்பட்டு அரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான் அந்த விமானம் வானில் இருந்தது. ‘மேடே’ சொல்லப்பட்ட சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் தவிர எல்லோரும், தரையில் இருந்த 19 பேரும் இறந்தார்கள். அந்தக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. எங்கோ ஒரு விமானத்தில் ஏசி வேலை செய்யவில்லை என்ற செய்திக்கும் அவர்களின் பிள்ளைகள் எரிந்த புகையைப் பின்னணியாகப் போடுவதை எந்த நெறியின்கீழ் செய்கிறீர்கள்? 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் உள்ள நிகழ்ச்சி நெறி, அரை உண்மைகளை ஒளிபரப்புவதைத் தடை செய்கிறது. உண்மையான படத்தைத் தொடர்பில்லாத செய்திக்கு அருகில் வைப்பதைவிட அரை உண்மைக்கு வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பார்வையாளருக்குச் சுவையாக ஏதாவது வேண்டுமே என்றால், நடப்பதிலேயே அது நிறைய இருக்கிறது. அதிக எடையுடன் இறங்கிய விமானத்தின் பிரேக்குகள் பழுக்கக் காயும். சக்கரத்தில் உருகு அடைப்பு என்று ஒரு சிறு ஏற்பாடு இருக்கிறது. சூடு எல்லை மீறினால் அது உருகிக் காற்றை வெளியே விட்டு, டயர் வெடிக்காமல் காக்கும். நாங்கள் அந்தச் சக்கரத்தை முன்புறமாகவோ பின்புறமாகவோதான் நெருங்குவோம், பக்கவாட்டில் ஒருபோதும் நிற்க மாட்டோம்; வெடித்தால் துண்டுகள் பக்கவாட்டில்தான் பாயும். பயணிகள் கைதட்டிக்கொண்டு இறங்கும் அந்த நேரத்தில்தான் எங்களுக்கு வேலை தொடங்குகிறது. அதைக் காட்டிய கேமராவை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான். ஒரு விமானம் உடையாமல், யாரும் காயமுறாமல் இறங்கியிருக்கும்போது ‘விபத்து’ என்ற சொல்லைத் தலைப்பிலோ, அடியில் ஓடும் வரியிலோ, ‘தவிர்க்கப்பட்ட’ என்ற முன்னொட்டோடுகூட, பயன்படுத்தாதீர்கள். திரும்பியது, வேறு ஊருக்குத் திருப்பப்பட்டது, மீண்டும் மேலேறி இறங்கியது, அவசரமாக இறங்கியது என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அகமதாபாத், மங்களூர், கோழிக்கோடு காட்சிகளை வேறு விமானத்தின் செய்தியோடு சேர்த்துக் காட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். விமானம் வானில் இருக்கும்போது நேரலை செய்தே ஆக வேண்டுமென்றால், அது ஏன் சுற்றுகிறது என்று சொல்லத் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பயணிகளின் வீட்டு வாசலில் மைக்கோடு நிற்காதீர்கள். விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவின் அறிக்கைகள் பொதுவில் வெளியாகின்றன. அவற்றைப் படித்து, பல மாதங்கள் கழித்தாவது, எது பழுதானது, யார் பொறுப்பு என்று செய்தி தர ஒரு நிருபரையேனும் நியமியுங்கள். உங்கள் செய்திப் பிரிவுகளில் ஒரு மணி நேரம் வந்து பேச நானும், என்னைப் போல் ஓய்வுபெற்ற சிலரும் தயாராக இருக்கிறோம், கட்டணம் வேண்டாம்.

சென்ற வாரச் செய்தியை ஒளிபரப்பிய தொலைக்காட்சிக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: என் மின்னஞ்சல் உங்களிடம் இருக்கிறது. திருத்தத்தை அதே எட்டு மணிச் செய்தியில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். இம்மாத இறுதிக்குள் அது வராவிட்டால், நிகழ்ச்சி நெறியை மேற்கோள் காட்டி உங்கள் குறைதீர்ப்பு அலுவலரிடம் முறைப்படி புகார் அளிப்பேன். அங்கும் பதில் இல்லையென்றால் அடுத்த நிலைக்கு எடுத்துச் செல்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமான நிலையத் தீயணைப்பு ஊழியர்,
திருச்சிராப்பள்ளி